ஏப்ரல் 24: ஒரே தேதி, வேற வேற ஊர்

(நமது வட்டாரக் கூட்டமைப்பின் ஏப்ரல் மாதப் பொதுக்கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் செய்தி மடலில் தருகிறோம்.)



இன்னிக்கு காலையில எங்க வீட்டு தினசரி காலண்டர்ல தாளைக் கிழிச்சப்ப தேதி ஏப்ரல் 24. இங்க வந்ததும் முன் வரிசையில இருக்கிற அக்காக்கள்கிட்ட, "இன்னிக்கு என்ன விசேஷம்?"னு கேட்டேன். ஒருத்தங்க "நாள் நல்லா இல்லீங்க, ராகு காலம் கூட்ட நேரத்துலயே வருது"ன்னாங்க. இன்னொருத்தங்க "எங்க குழுவுக்கு சந்தா நாள்"னாங்க. பின்னாடி ஒரு தங்கச்சி மட்டும் "டெண்டுல்கர் பிறந்த நாள் மேடம், என் மகன் காலையிலேயே சொல்லிட்டான்"னு சொன்னாங்க. (சிரிப்பு)

அந்தப் பையன் சொன்னது சரி. சச்சின் டெண்டுல்கர் பிறந்தது 1973 ஏப்ரல் 24. அதே தேதியில 1934-ல கடலூர்ல ஒரு குழந்தை பிறந்தது. அஞ்சாம் வகுப்போட படிப்பை விட்ட பையன். அச்சுக்கூடத்துல வேலை பார்த்து, கதை எழுதி, பின்னால 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது வாங்கினார். அவர்தான் எழுத்தாளர் ஜெயகாந்தன். "நான் அஞ்சாவதுதான் படிச்சேன், எனக்கு எதுக்கு மேடம் தலைவி பொறுப்பு"ன்னு சொல்ற அக்காக்கள் இவரை ஞாபகம் வச்சுக்கணும்.

1967-ல இதே தேதியில ரஷ்யாவின் விண்வெளி வீரர் கொமரோவ் விண்வெளியிலிருந்து திரும்பி வரும்போது, பாராசூட் சரியா விரியாம, கலம் தரையில மோதி இறந்து போனார். விண்வெளிப் பயணத்துல உயிர் விட்ட முதல் மனிதர் அவர். 1990-ல இதே தேதியில ஹப்பிள் என்கிற பெரிய தொலைநோக்கியை அமெரிக்காவுல இருந்து விண்வெளிக்கு அனுப்பினாங்க. மேலே போன பிறகுதான் அதோட கண்ணாடியில கோளாறுன்னு தெரிஞ்சுது. மூணு வருஷம் கழிச்சு ஆளை அனுப்பி ரிப்பேர் பண்ணினாங்க. இப்படி எந்தத் தேதியை எடுத்தாலும் நாலு பிறப்பு, நாலு சாவு இருக்கும். ஒரே தேதியில நடந்ததால ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்குன்னு நான் சொல்ல வரல. ஆனா ஏப்ரல் 24-ல ரெண்டு விஷயம் நடந்திருக்கு. ரெண்டும் நம்மள மாதிரி பெண்களோட விஷயம். அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறேன்.

முதல் விஷயம் நம்ம நாட்டுல நடந்தது. 1993 ஏப்ரல் 24. அன்னிக்குத்தான் அரசியலமைப்புச் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் அமலுக்கு வந்தது. பஞ்சாயத்து ராஜ் சட்டம்னு நாம சொல்றது இதைத்தான். அதனாலதான் 2010-லிருந்து இந்தத் தேதியை தேசிய பஞ்சாயத்து ராஜ் தினம்னு கொண்டாடுறாங்க.

அதுக்கு முன்னாடி பஞ்சாயத்து இல்லையான்னா, இருந்தது. ஆனா தேர்தல் வச்சா உண்டு, வைக்காட்டி இல்லை. மாநில அரசுக்கு எப்ப மனசு வருதோ அப்பத்தான். பெண்கள்னா பேருக்கு ஒருத்தரோ ரெண்டு பேரோ. ராஜீவ் காந்தி பிரதமரா இருந்தப்ப 1989-ல இதுக்கு ஒரு மசோதா கொண்டு வந்தாங்க. மக்களவையில நிறைவேறி மாநிலங்களவையில தோத்துப் போச்சு. திரும்ப நரசிம்ம ராவ் காலத்துல 1992 டிசம்பர்ல ரெண்டு அவையிலும் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24-ல அமலுக்கு வந்தது.

அதுல நமக்கு முக்கியமானது மூணு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் நடத்தியே ஆகணும். உறுப்பினர் பதவியிலும் தலைவர் பதவியிலும் மூணுல ஒரு பங்குக்குக் குறையாம பெண்களுக்கு ஒதுக்கணும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கு அவங்க தொகைக்கு ஏத்த மாதிரி இடம் ஒதுக்கணும், அதுக்குள்ளேயும் மூணுல ஒண்ணு பெண்களுக்கு. மூணாவது, கிராம சபை. ஓட்டர் லிஸ்டுல பேர் இருக்கிற எல்லாரும் கிராம சபை உறுப்பினர். இதுக்கு யாரும் உங்களுக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைக்க வேண்டியதில்லை. உரிமையா போகலாம்.

தமிழ்நாட்டுல 1994-ல தனிச் சட்டம் போட்டு, 1996 அக்டோபர்ல தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தல்ல ஜெயிச்சு வந்த பெண்கள்ல பாதிப் பேருக்கு மேடையில எங்க உக்காரணும்னே தெரியாது, வீட்டுக்காரர்தான் நாற்காலியில உக்காந்தார்னு கேலி பண்ணினவங்க உண்டு. அது பல ஊர்ல நிஜமும்தான், இன்னிக்கும் சில ஊர்ல "பிரசிடெண்ட்"னா அந்த அம்மாவோட வீட்டுக்காரர்தான். ஆனா எல்லாரும் அப்படி இல்லை.

மதுரை மாநகராட்சி வில்லாபுரத்துல லீலாவதின்னு ஒரு கவுன்சிலர். அது மாநகராட்சி, நம்ம பஞ்சாயத்துச் சட்டம் அங்க வராது. ஆனா அங்கேயும் பெண்கள் வர்றதுக்கு அதே மாதிரி இன்னொரு திருத்தம் வழி செஞ்சுது. கைத்தறி நெசவு செய்த குடும்பம், மார்க்சிஸ்ட் கட்சி. 1996-ல ஜெயிச்சாங்க. அந்தப் பகுதியில குடிதண்ணியைக் காசுக்கு வித்துக்கிட்டு இருந்தாங்க. இவங்க குழாய்த் தண்ணிக்காகப் போராடினாங்க. தண்ணி விக்கிறவங்களுக்குப் பொழப்பு போகுமில்லையா? 1997 ஏப்ரல் 23-ஆம் தேதி, பட்டப்பகல்ல தெருவுலயே வெட்டிக் கொன்னுட்டாங்க. கவுன்சிலரா வந்து ஆறே மாசம். தண்ணி கேட்டதுக்கு ஒரு உயிர். ஏப்ரல் 23, இன்னிக்கு ஒரு நாள் முன்னாடி. இந்த 23-ஐ ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வரும்.

மதுரை, விருதுநகர் மாவட்டத்துல பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல்னு நாலு பஞ்சாயத்து. தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவங்களுக்கு ஒதுக்கப்பட்டதால பத்து வருஷம் அங்க முறையா ஒரு தலைவர் நிலைக்க முடியல. 2006-லதான் தேர்தல் ஒழுங்கா நடந்தது. சட்டம் எழுதினவுடனே எல்லாம் வந்துடாதுங்கறதுக்காகச் சொல்றேன்.

அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு சொன்னேன் இல்லையா? 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்சப்ப நம்ம மாநிலத்துல தேர்தல் நடக்கல. மூணு வருஷத்துக்கு மேல தனி அலுவலர்தான். 2016-லயே பெண்களுக்குப் பாதி இடம், அதாவது 50 சதவீதம்னு சட்டம் திருத்திட்டாங்க. ஆனா அந்த 50 சதவீதத்துல உக்கார நாற்காலி 2019 டிசம்பர்லதான் வந்தது. அப்போ 27 மாவட்டத்துக்குத் தேர்தல். அவங்க பதவிக்காலமும் 2025 ஜனவரியில முடிஞ்சுது, புதுசா தேர்தல் நடக்காமலே. மறுபடியும் தனி அலுவலர். அரசியலமைப்புச் சட்டம் சொல்றது என்னன்னா, பதவிக்காலம் முடியறதுக்கு முன்னாடியே தேர்தலை நடத்தி முடிக்கணும்னு. நம்ம குழுவுல நிர்வாகிகளை மாத்தாம இருந்தா பேங்க்காரரும் நம்ம ஆபீஸும் எவ்வளவு கேள்வி கேக்குது! இதையும் யாராவது கேக்கணும்தானே?

சரி, ரெண்டாவது விஷயத்துக்கு வர்றேன். இது நம்ம ஊர் இல்லை, வங்காளதேசம். அந்த நாட்டைப் பத்தி உங்களுக்கு நான் முன்னாடியே சொல்லியிருக்கேன், கிராமப் பெண்களுக்குக் குழுவா கடன் கொடுக்கிற கிராமீன் வங்கி ஆரம்பிச்ச நாடு. அங்க கிராமத்துப் பெண்களுக்குப் பெரிய வேலை தர்றது தையல் ஃபேக்டரி. நம்ம பக்கத்துப் பிள்ளைங்க திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போறாங்களே, அதே மாதிரி.

தலைநகர் டாக்கா பக்கத்துல சவார்னு ஒரு ஊர். அங்க ராணா பிளாசான்னு எட்டு மாடிக் கட்டிடம். கீழே கடைகளும் ஒரு வங்கிக் கிளையும். மேல் மாடிகள்ல அஞ்சு தையல் ஃபேக்டரி. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குத் துணி தைக்கிற இடம். குளத்தைத் தூர்த்த நிலத்துல கட்டின கட்டிடம். கடைகளுக்கும் ஆபீஸுக்கும்னு கட்டினது, தையல் மெஷின் வரிசை வரிசையா ஓடறதுக்குக் கட்டினது இல்லை. மேல் மாடிகளை அனுமதி இல்லாமலே ஏத்தியிருந்தாங்க. கரண்ட் போனா ஓட்டறதுக்குப் பெரிய பெரிய ஜெனரேட்டரையும் மேல் மாடியிலேயே வச்சிருந்தாங்க.

2013 ஏப்ரல் 23. பாருங்க, அதே 23. தூண்லயும் சுவர்லயும் விரிசல் விட்டிருச்சு. எல்லாரும் பார்த்தாங்க. டி.வி.காரங்க வந்து படம் எடுத்தாங்க. ஒரு இன்ஜினியர் வந்து பாத்துட்டு, உள்ள யாரும் இருக்கக்கூடாதுன்னு சொன்னார். தொழிலாளிகளை வெளியே அனுப்பிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள கட்டிட முதலாளி, ஒண்ணும் ஆபத்து இல்லைன்னு சொல்லிட்டார்.

மறுநாள் காலை, ஏப்ரல் 24. கீழே இருந்த வங்கி தன்னோட ஊழியர்களை வரவேண்டாம்னு சொல்லியிருந்தது. கடைகளும் திறக்கல. தையல் பெண்கள் மட்டும் வாசல்ல வந்து நின்னாங்க. உள்ள போகத் தயங்கினாங்க. வராட்டி சம்பளத்தைப் பிடிச்சிடுவோம்னு மேலாளர்கள் மிரட்டினாங்க. மாசக் கடைசி. கையில காசு இருக்கிற நேரமா அது? அன்னிக்கு அங்க குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டாக்கா.

உள்ள போனாங்க. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னாடி கரண்ட் போச்சு. மேல இருந்த ஜெனரேட்டர்களைப் போட்டாங்க. கட்டிடம் அதிர்ந்தது. கொஞ்ச நேரத்துக்குள்ள எட்டு மாடியும் ஒண்ணு மேல ஒண்ணா அப்பளம் அடுக்கின மாதிரி உக்காந்திருச்சு.

1,134 பேர் செத்துப் போனாங்க. ஏறக்குறைய 2,500 பேரைக் காயத்தோட வெளியே எடுத்தாங்க. செத்தவங்கள்ல பெண்கள்தான் அதிகம். தீயணைப்புப் படைக்கு முன்னாடி அக்கம்பக்கத்து ஜனங்கதான் ஓடி வந்து வெறுங்கையால கல்லை எடுத்தாங்க. உள்ளே இருந்த துணி பேலைப் பிரிச்சு சறுக்கு மரம் மாதிரி கட்டி, அடிபட்டவங்களை அதுல சறுக்கி இறக்கினாங்க. வெளிநாட்டுக்குத் தைக்க வச்சிருந்த துணி. ரேஷ்மான்னு ஒரு பொண்ணு 17 நாள் இடிபாட்டுக்குள்ள உயிரோட இருந்து, மே 10-ஆம் தேதி வெளியே வந்துச்சு. பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்துல தாய்மார்கள் பிள்ளைங்க போட்டோவைக் கையில பிடிச்சுக்கிட்டு நாள் கணக்கா நின்னாங்க. ஓடிப்போகப் பார்த்த கட்டிட முதலாளியை நாலு நாள் கழிச்சு நம்ம இந்திய எல்லைப் பக்கத்துல வச்சுப் பிடிச்சாங்க.

இதைப் படிச்சதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி மனசுல அரிச்சுக்கிட்டே இருக்கு. ஒரே கட்டிடம், ஒரே விரிசல். வங்கிக்காரங்க வீட்டுல இருந்தாங்க, தையல்காரங்க உள்ள போனாங்க. தையல் பெண்களுக்கு பயம் இல்லாமலா? விரிசலை அவங்களும் பார்த்தாங்க. வங்கி ஊழியருக்கு அவங்க நிர்வாகமே "வராதே"ன்னு சொல்லிச்சு. இவங்களுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. அந்த அஞ்சு ஃபேக்டரியில ஒண்ணுலகூட தொழிற்சங்கம் கிடையாது. ஒருத்தி மட்டும் "நான் போகமாட்டேன்"னா, அவ சம்பளம் போகும், அவ மெஷின்ல வேற ஆள் உக்காரும். மூவாயிரம் பேரும் சேர்ந்து வாசல்லயே உக்காந்திருந்தா? அப்படிச் சேர்ந்து முடிவெடுக்க அவங்களுக்கு ஒரு பாய் விரிச்ச இடம் இல்லை. நமக்கு வாரா வாரம் இருக்கு.

அதுக்கப்புறம் சில மாற்றம் வந்தது. அடுத்த மாசமே பெரிய பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. கம்பெனிகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துற ஒப்பந்தம். ஃபேக்டரி ஃபேக்டரியா இன்ஜினியர்கள் போய்ப் பார்த்தாங்க. கட்டிடம் ஆபத்துன்னா உள்ள போக மறுக்கிற உரிமை தொழிலாளிக்கு உண்டுன்னும் அதுல எழுதினாங்க. அந்த வருஷக் கடைசியில குறைந்தபட்ச சம்பளம் 5,300 டாக்கா ஆச்சு. செத்தவங்க குடும்பத்துக்கு நஷ்டஈட்டுப் பணம் முழுசாச் சேர ரெண்டு வருஷம் இழுத்தது, 2015 வரைக்கும்.

நம்ம திண்டுக்கல்லயும் 2022 ஏப்ரல்ல ஒரு ஒப்பந்தம் ஆச்சு. பெண்கள் தலைமையில நடக்கிற ஒரு தொழிற்சங்கமும், ஒரு துணி ஏற்றுமதி நிறுவனமும், அவங்ககிட்ட துணி வாங்குற வெளிநாட்டுக் கம்பெனியும் கையெழுத்துப் போட்டது. வேலை செய்யற இடத்துல பெண்களுக்கு நடக்கிற பாலியல் தொல்லையைத் தடுக்கிறதுக்கு. அதுக்கு முந்தின வருஷம் ஒரு இளம் தொழிலாளியைப் பறிகொடுத்த பிறகுதான் அது வந்தது. நம்ம கூட்டமைப்புல மகளை மில்லுக்கோ பனியன் கம்பெனிக்கோ அனுப்பின தாய்மார்கள் இருக்கீங்க, கையைத் தூக்குங்க பாப்போம்... (பலர் கை தூக்குகிறார்கள்) இவ்வளவு பேர். ஊருக்கு வரும்போது பிள்ளைங்ககிட்ட சம்பளத்தை மட்டும் கேக்காதீங்கம்மா. ஹாஸ்டல்ல ராத்திரி கதவு பூட்டுறாங்களா, பூட்டினா சாவி யார்கிட்ட, நெருப்புப் பிடிச்சா எந்த வழியா வெளியே வரணும், புகார்க் கமிட்டியில யார் இருக்காங்கன்னு கேளுங்க. பிள்ளைக்குத் தெரியலைன்னா அந்தப் பதிலே நமக்கு ஒரு தகவல்தான்.

இப்ப என் கதையையும் சொல்லிடறேன். இதைச் சொல்லாம மத்தவங்களைப் பத்தி மட்டும் பேசினா அது நியாயமில்லை.

நான் பாக்குற ஊர்கள்ல ஒண்ணுல குழுக்கள் கூடுற ஒரு பழைய கட்டிடம். ரெண்டு வருஷம் முன்னாடி அந்த ஊர் ஊக்குநர் என்கிட்ட, "மேடம், மேல காரை பெயர்ந்து வருது, கம்பி தெரியுது, மரத்தடியில கூடலாமா?"ன்னு கேட்டாங்க. அந்த வாரம் வங்கி மேலாளர் வர்றதா இருந்தது. கட்டிடத்துல உக்காந்தா நல்லா இருக்கும், மரத்தடியில உக்காந்தா குழு சரியில்லைன்னு நினைப்பாரோன்னு எனக்கு ஒரு எண்ணம். "இந்தத் தடவை சமாளிங்க, அடுத்த மாசம் பாக்கலாம்"னு சொன்னேன். சமாளிச்சாங்க. கடனும் கிடைச்சது. மூணு வாரம் கழிச்சு ஒரு மழை ராத்திரியில மேல் காரை ஒரு பாகம் அப்படியே கீழே விழுந்துச்சு. குழுப் பிள்ளைங்க உக்காந்து விளையாடுற மூலையில. ராத்திரிங்கறதால யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஊக்குநர் என்னை ஒரு வார்த்தை திட்டல. கட்டிடத்தைப் பூட்டிட்டு சாவியைக் கொண்டு வந்து என் கையில கொடுத்தாங்க. நான் சமூகப் பணியில பட்டம் வாங்கினவ. பங்கேற்பு, அதிகாரப் பகிர்வுன்னு உங்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்தவ. அன்னிக்கு நான் பேசினது அந்த ஃபேக்டரி மேலாளர் பேசின பேச்சுதான். என்ன, சம்பளத்துக்குப் பதிலா கடனைச் சொன்னேன்.

அதனால உங்ககிட்ட ஒரு விஷயம் கேட்டுக்கறேன். என்னை மாதிரி ஆள் வந்து "சமாளிங்க"ன்னு சொன்னா, அதைத் தீர்மான நோட்டுல எழுதுங்க. "இன்ன தேதி, கட்டிடம் பழுதுன்னு உறுப்பினர்கள் சொன்னாங்க, இன்னார் பரவாயில்லைன்னு சொன்னார்"னு எழுதி அவங்க கையெழுத்தையும் வாங்குங்க. எழுதச் சொன்னாலே பாதிப் பேர் பின்வாங்கிடுவாங்க. நானும்தான்.

கிராம சபையிலயும் அதே மாதிரி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னு வழக்கமா நாலு நாள் நடந்தது. 2022-ல மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்த்து ஆறு நாளா ஆக்கினாங்க. ஒரு வாரத்துல மே 1 வருது. பல ஊர்ல நம்ம குழுப் பெண்களைத்தான் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கக் கூப்பிடறாங்க. போறோம், வெயில்ல உக்காந்திருக்கோம், ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்திடறோம். தீர்மானம் எழுதற பக்கம் வெறுமையா இருக்கு. யார் என்ன எழுதப் போறாங்கன்னு தெரியாமலே நம்ம கையெழுத்து கீழே இருக்கு. குழு நோட்டுல இப்படிப் போடுவோமா? அஞ்சு ரூபா குறைஞ்சாலே ராத்திரி பத்து மணி வரைக்கும் கணக்குப் பாக்குறவங்க நாம.

தீர்மானத்தை எழுதச் சொல்லுங்க. எழுதினதைச் சத்தமா படிக்கச் சொல்லுங்க. அப்புறம் கையெழுத்து. படிக்கத் தெரியாத அக்கா பக்கத்துல எழுத்துத் தெரிஞ்ச தங்கச்சி உக்காருங்க. இதுக்காக யாரும் உங்களைக் கிராம சபையை விட்டு வெளியே அனுப்ப முடியாது, ஏன்னா நீங்க அதோட உறுப்பினர். 1993-லிருந்து.

பேச்சு நீண்டு போச்சு, மன்னிக்கணும். கூட்டப் பொருள்ல மூணாவதா இருக்கிறது கட்டிட விஷயம். அங்கன்வாடி, பள்ளிக்கூடம், மேல்நிலைத் தொட்டி, நாம கூடுற கட்டிடம், இதுல எந்த ஊர்ல எது விரிசல் விட்டிருக்குன்னு ஊர்வாரியா சொல்லணும். மே 1-க்கு முன்னாடி ஒவ்வொரு ஊருக்கும் மனு எழுதிடலாம். செயலாளர் அக்கா, நோட்டை எடுங்க. முதல்ல எந்த ஊர்?